அப்பு கர்: கோப்பில் பூங்காவாக இல்லாத பூங்கா

தில்லியில் அத்தனை பேருக்கும் பிடித்த கேளிக்கைப் பூங்காவான அப்பு கர் ஏன் மூடப்பட்டது, அரசு நிலத்தில் இருந்ததை அரசே காப்பாற்றியிருக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊரிலும் நகராட்சி இடத்தில் இருக்கும் ராட்டினப் பூங்காவுக்கு நோட்டீஸ் வந்திருப்பதாகச் சொல்வதால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன். நான் அப்பு கரில் விளையாடி வளர்ந்தவன். பிறகு பல வருடம் குத்தகை, உரிமம் சம்பந்தப்பட்ட கோப்புகளோடு வேலை பார்த்தவன். அதனால் இது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம்.

முதலில் நேரடியான பதில். அந்த இடம் உச்ச நீதிமன்றத்தின் விரிவாக்கத்துக்கு ஒதுக்கப்பட்டது. மெட்ரோ ரயிலுக்கும் ஒரு பங்கு தேவைப்பட்டது. பூங்காவை நடத்திய தனியார் நிறுவனத்துக்கு அந்த மண்ணில் நிலையான உரிமை எதுவும் கிடையாது. அனுமதிக் காலம் முடிந்தது, வழக்கு நடந்தது, 2008 பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமையோடு கதவை அடைத்தார்கள். அரசு நிலம் என்பதாலேயே காப்பாற்றியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நடந்தது தலைகீழ். அரசு நிலம் என்பதால்தான் அத்தனை சுலபமாகக் கைவிட்டுப் போனது. எப்படி என்று புரிய அதன் பிறப்பிலிருந்து பார்க்க வேண்டும்.

1982 நவம்பர் 19 அன்று தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. சின்னம் ஒரு குட்டி யானை, பெயர் அப்பு. நம் பக்கத்துப் பெயர். தொலைக்காட்சி கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறிய நேரம் அது. அப்புவின் படம் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. படத்துக்குப் பின்னால் நிஜமான ஒரு யானையும் உண்டு. கேரளத்தின் குட்டிநாராயணன். போட்டிகள் முடிந்து கொஞ்ச காலத்தில், ஏழு வயதில், கழிவுநீர்த் தொட்டி ஒன்றில் விழுந்து கால் ஒடிந்தது. நொண்டியபடியே வாழ்ந்து 2005-இல் இறந்துபோனது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

போட்டிகள் தொடங்கிய அதே தேதியில், சரியாக இரண்டு வருடம் கழித்து, 1984 நவம்பர் 19 அன்று பிரகதி மைதானத்தின் ஒரு மூலையில் அப்பு கர் திறக்கப்பட்டது. 'கர்' என்றால் இந்தியில் வீடு. இந்திரா காந்தியின் பிறந்தநாளும் அதுதான். அவர் சுடப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. சீக்கியக் குடும்பங்களுக்கு எதிரான படுகொலைகளின் காயம் ஆறாமல் நகரமே உறைந்து கிடந்தது. திறந்து வைத்தவர் புதிதாகப் பிரதமரான ராஜீவ் காந்தி. இந்தியாவின் முதல் கேளிக்கைப் பூங்கா என்று இன்றும் சொல்லப்படும் இடம் அப்படி ஒரு நேரத்தில்தான் தொடங்கியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலத்தில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக ஓர் இடம் கிடைத்ததே என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது.

பிரகதி மைதானம் என்பது என்ன? 1972-இல் 'ஏசியா 72' வர்த்தகக் கண்காட்சிக்காக உருவான இடம். ஒவ்வொரு நவம்பரிலும் 14 முதல் 27 வரை சர்வதேச வர்த்தகக் கண்காட்சி அங்கேதான் நடக்கும். ஆக, மைதானத்தின் அடிப்படை வேலை கண்காட்சி. அதை நிர்வகித்த மத்திய அரசு நிறுவனம், சுமார் 15 ஏக்கரைத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் பூங்கா நடத்தக் கொடுத்தது. மண் அரசுடையது, ராட்டினம் தனியாருடையது, சந்தோஷம் எங்களுடையது. இந்த ஏற்பாட்டில் எங்கள் பங்குக்கு மட்டும் எந்தக் காகிதமும் கிடையாது.

ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். வருடத்துக்கு இரண்டு முறை அப்பு கர். ஒன்று பள்ளிக்கூடத்திலிருந்து, இன்னொன்று ஊரிலிருந்து தாத்தா பாட்டி வரும்போது. அம்மா புளியோதரையைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து எடுத்து வருவாள். டிசம்பர் வெயில் முதுகில் படும்படி புல்லில் உட்கார்ந்து சாப்பிடுவோம். கொலம்பஸ் என்று நம் பொருட்காட்சிகளில் சொல்கிறோமே, ஆடும் கப்பல், அதை நான் முதலில் பார்த்தது அங்கேதான். அதன் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் மேலே போய் ஒரு நொடி நிற்கும்போது வயிறு காலியாகிவிடும். பாட்டி ஒரே ஒரு முறை ஏறினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கப்பல் நிற்கும்வரை கந்த சஷ்டி கவசம் சொன்னாள். இறங்கியதும், "இன்னொரு தரம் போலாமாடா?" என்று கேட்டாள். அப்பா டிக்கெட் கவுன்டரை நோக்கி ஓடியது இப்போதும் கண் முன்னால் நிற்கிறது.

அந்த இடத்தின் அருமை ராட்டினத்தில் மட்டும் இல்லை. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். நடக்கும் தூரத்தில் புராணா கிலா, அதன் பக்கத்தில் மிருகக்காட்சிசாலை, கைவினை அருங்காட்சியகம், 1990-களில் வந்த தேசிய அறிவியல் மையம். கொஞ்சம் தள்ளி இந்தியா கேட் புல்வெளி, பொம்மை அருங்காட்சியகம். கடைநிலை அரசு ஊழியரும் பஸ் பாஸை வைத்துக்கொண்டே பிள்ளைகளுக்கு ஒரு முழு நாளைக் கொடுக்க முடிந்தது. நகரத்தின் நடுவே இருந்ததுதான் அப்பு கரின் பெரிய பலம். நடுவே இருந்த மண் என்பதுதான் அதற்கு எமனாகவும் வந்தது.

இப்போது சட்டம். இதை நிதானமாகப் படியுங்கள், உங்கள் ஊர் விஷயத்துக்கும் இதுதான் தேவைப்படும்.

ஒருவருடைய நிலத்தை இன்னொருவர் பயன்படுத்த இரண்டு வழி உண்டு. ஒன்று குத்தகை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 105-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. குத்தகைக்கு எடுத்தவருக்கு, காலம் முடியும்வரை, அந்த நிலத்தில் ஓர் உரிமை உருவாகிறது. இன்னொன்று உரிமம், அதாவது லைசன்ஸ். அதே ஆண்டு வந்த வசதியுரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவு. இதில் நிலத்தின் மேல் எந்த உரிமையும் உருவாகாது. 'நீ இங்கே இதைச் செய்துகொள்ளலாம்' என்ற அனுமதி மட்டும்தான். கல்யாண மண்டபத்தை ஒரு நாள் எடுப்பதைப் போல. பந்தல் போடலாம், சமைக்கலாம், மறுநாள் காலையில் காலி செய்ய வேண்டும். பந்தல் போட்டு இருபது வருடம் ஆகியிருந்தாலும் அது பந்தல்தான்.

காகிதத்தின் தலைப்பில் 'லைசன்ஸ்' என்று எழுதிவிட்டால் மட்டும் அது லைசன்ஸ் ஆகிவிடாது, உண்மையில் இடம் யாருடைய முழுக் கட்டுப்பாட்டில் இருந்தது என்று பார்க்க வேண்டும் என 1959-லேயே உச்ச நீதிமன்றம், அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில், சொல்லியிருக்கிறது. ஆனால் அரசுத் துறைகள் இந்த விஷயத்தில் மிகவும் உஷார். ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் 'குத்தகை அல்ல, உரிமம் மட்டுமே' என்று எழுதி வாங்கிக்கொள்ளும். நான் பார்த்த கோப்புகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன.

உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கப்பட்டது என்றால், காலம் முடிந்த அன்றே அது ரத்தானதாகக் கருதப்படும். அதே வசதியுரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு. அப்புறம் 63-ஆம் பிரிவு இருக்கிறது: வெளியேறவும், வைத்த பொருள்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் தர வேண்டும். சட்டம் உரிமம் பெற்றவருக்கு இறுதியாகத் தருவது அந்த அவகாசம்தான். அனுமதியை நம்பி நிரந்தரமான கட்டுமானம் செய்தவர் 60-ஆம் பிரிவைப் பிடித்து, உரிமத்தைத் திரும்பப் பெறக் கூடாது என்று வாதாடலாம். ஆனால் ராட்டினம் என்பது போல்ட் போட்டு நிறுத்திய இயந்திரம். கழற்றி லாரியில் ஏற்றலாம். கால வரம்புள்ள உரிமம் முடிந்துபோன பிறகு இந்த வாதம் பெரிதாக எடுபடாது.

இதற்கு மேல், அரசு இடம் என்றால் 1971-ஆம் ஆண்டின் பொது வளாகங்கள் சட்டம் வந்துவிடும். ஒரு தனியார் வீட்டுக்காரர் குடியிருப்பவரைக் காலி செய்யச் சிவில் நீதிமன்றத்தில் பத்து வருடம் நடக்க வேண்டியிருக்கும். அரசுக்கு அது தேவையில்லை. எஸ்டேட் ஆபீசர் என்று ஓர் அதிகாரி 4-ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுப்பார், 5-ஆம் பிரிவில் உத்தரவு போடுவார். சிவில் நீதிமன்றம் குறுக்கே வர முடியாதபடி 15-ஆம் பிரிவு தடுக்கிறது. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கு ஷரத்து இருந்தாலும் வெளியேற்றும் அதிகாரம் நடுவரிடம் போகாது. மாநிலங்களுக்கும் இதே மாதிரி சட்டங்கள் உண்டு. அரசு நிலம் என்பதால்தான் சுலபமாகப் போனது என்று மேலே சொன்னேனே, அதன் அர்த்தம் இதுதான்.

சரி, நடத்தியவருக்கு உரிமை இல்லை, ஆனால் மக்களுக்கு? இங்கேதான் எனக்கு மனசு வலிக்கிறது. பொதுப் பூங்காக்களைக் காப்பாற்றிய நல்ல தீர்ப்புகள் நம் நாட்டில் இருக்கின்றன. பெங்களூரில் பூங்காவுக்கென்று வரைபடத்தில் ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. பூங்கா என்று திட்டத்தில் எழுதியிருந்தால் பூங்காவாகத்தான் இருக்க வேண்டும். லக்னோவின் அமீனாபாத்தில் ஒரு பழைய பூங்காவுக்கு அடியில் கடைத்தொகுதி கட்டினார்கள். கட்டுமானம் வெகு தூரம் போயிருந்தும், 1999-இல், இடித்துவிட்டுப் பூங்காவைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது அதே நீதிமன்றம். பொது நிலத்தை அரசு மக்களுக்காக அறங்காவலராகத்தான் வைத்திருக்கிறது என்ற கோட்பாடு இந்த வழக்கிலும் பேசப்பட்டது.

இந்தக் கேடயம் அப்பு கருக்கு ஏன் உதவவில்லை என்றால், கோப்பில் அது பூங்காவே இல்லை. பெங்களூரிலும் லக்னோவிலும் பூங்கா என்ற அந்தஸ்து நிலத்துக்கே இருந்தது. அப்பு கரின் நிலம் கண்காட்சி வளாகத்தின் ஒரு துண்டு. அதில் ஒரு வணிக நிறுவனம் காலக்கெடுவோடு தொழில் நடத்தியது. நாங்கள் இருபத்து மூன்று வருடம் பூங்கா, பூங்கா என்று சொன்னோம். ஒருவர்கூட நில ஆவணத்தில் அந்த வார்த்தையை எழுத வைக்கவில்லை. எழுத வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

கடைசி நாளுக்கு வருகிறேன். 2006 நவம்பரிலிருந்து மெட்ரோ ரயில் அந்தப் பக்கம் ஓடத் தொடங்கியிருந்தது. பிரகதி மைதானம் ஸ்டேஷன் உயரத்தில் இருக்கும். ரயில் அதை நெருங்கும்போது ராட்டினம் தெரிகிறதா என்று என் மகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொள்வாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. மூடப் போகிறார்கள் என்று தெரிந்து அந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். என் வயசு ஆட்கள் நிறையப் பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கொலம்பஸை இயக்கிய பெரியவர் ஒவ்வொரு முறையும் கம்பியை மாட்டிவிட்டு, கொக்கி விழுந்திருக்கிறதா என்று கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். அன்றும் அதையேதான் செய்தார், ஒரு வரிசை விடாமல். என் மகளின் கம்பியையும் தட்டினார். கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தோம். இறங்கியதும் அவருக்கு நன்றி சொன்னேன். தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

இன்று அந்த நிலத்தில் உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டட வளாகம் நிற்கிறது. 12.19 ஏக்கர். 2019 ஜூலை 17 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்து வைத்தார். சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை போட்டுப் பழைய கட்டடத்தோடு இணைத்திருக்கிறார்கள். மெட்ரோ ஸ்டேஷனின் பெயரும் மாறி, இப்போது 'சுப்ரீம் கோர்ட்'.

நீதிமன்றத்துக்கு இடம் தேவையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1958-இல் திறந்த கட்டடம் அது. நீதிபதிகளின் எண்ணிக்கை மட்டுமே 2019-இல் 34 ஆனது. வழக்குக் கட்டுகளை வைக்க இடமில்லாமல் தாழ்வாரத்தில் அடுக்கியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். வழக்கறிஞர்களுக்கு அறை வேண்டும் என்பதும் நெடுநாள் கோரிக்கை. அப்பு கர் நிலம் கிடைத்ததே தங்கள் சங்கம் போட்ட மனுவால்தான் என்று 2023-இல் வழக்கறிஞர் சங்கத்தின் அப்போதைய தலைவர் நீதிமன்றத்திலேயே சொன்னார். தேவை நிஜம். ஆனால் நிலம் கேட்டவர்களுக்குச் சங்கம் இருந்தது, மனு இருந்தது, பேச வாய் இருந்தது. கப்பலில் கடைசி வரிசைக்குச் சண்டை போட்ட பிள்ளைகளுக்கு அது எதுவும் இல்லை. அந்த 15 ஏக்கருக்குப் பதிலாக நகரத்தின் நடுவே குழந்தைகளுக்கு இன்னொரு இடம் தர வேண்டும் என்று எந்த உத்தரவும் எழுதப்படவில்லை. இதைத்தான் நான் தவறு என்று சொல்வேன். காலி செய்யச் சொன்னதில் சட்டப்படி பிழை காண முடியாது. ஈடு கேட்காமல் விட்டதில் எங்கள் எல்லோருக்குமே பங்கு இருக்கிறது.

ராட்டினங்கள் நகரத்தின் ஓரங்களுக்குப் போய்விட்டன. ரோஹிணியில் அட்வென்ச்சர் ஐலண்ட், நொய்டாவில் வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர், அப்பு கரின் பெயரிலேயே குருகிராமில் வந்த ஒரு நீர்ப்பூங்கா. மாலுக்குப் பக்கத்தில், காரில் வருபவர்களை நினைத்துக் கட்டியவை. புளியோதரை பாட்டிலோடு போய் உட்கார முடியாது.

வேறு மாதிரியும் முடியும் என்பதற்குச் சென்னையே சாட்சி. அதே 2008-இல் கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் மூடப்பட்டது. 1962-லிருந்து இருந்த இடம். காரில் உட்கார்ந்தே தோசை சாப்பிட்ட தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலமும் அரசுடையதுதான். மீட்ட அரசு அதில் அலுவலகம் கட்டவில்லை. 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்காவாகத் திறந்தது. எதிரே மீட்ட இன்னொரு துண்டு நிலம் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவானது. ஆறு ஏக்கர் சொச்சம். ஜிப்லைன்கூட உண்டு. நுழைவுக் கட்டணத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இருக்கிறது, குறைத்தால் நல்லது. ஆனாலும் மண் மக்கள் காலடியிலேயே இருக்கிறது. உட்லண்ட்ஸ் போனது, இடம் போகவில்லை. தில்லியில் இரண்டும் போயின.

உங்கள் ஊருக்கு வருவோம். 'பூங்காவைக் காப்பாற்றுவோம்' என்று கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய், முப்பது நாள். நில ஆவணத்தில் அந்தச் சர்வே எண் யார் பெயரில், என்ன வகைப்பாட்டில் இருக்கிறது, நகர்த் திட்ட வரைபடத்தில் அது பூங்கா அல்லது திறந்தவெளி என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, நடத்துபவருடன் போட்ட ஒப்பந்தம் குத்தகையா உரிமமா, எப்போது முடிகிறது என்று கேளுங்கள். வரைபடத்தில் 'பூங்கா' என்ற சொல் இருந்தால் பெங்களூர் தீர்ப்பை எடுத்துக்கொண்டு ஒரு நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள், உங்கள் கை பலமாக இருக்கும். இல்லையென்றால் நடத்துபவரின் உரிமத்துக்காகச் சண்டை போட்டு நாளை வீணாக்காதீர்கள். அது முடிந்தே தீரும். நிலப் பயன்பாட்டைப் பூங்காவாக மாற்றச் சொல்லி நகர்மன்றத்தில் தீர்மானம் கேளுங்கள். முடியாது என்றால் அதே அளவு மாற்று இடத்தை, காலி செய்யும் உத்தரவிலேயே எழுதிக் கேளுங்கள். நடத்துபவர் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

நோட்டீஸ் வந்து எத்தனை நாள் ஆகிறது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அது 4-ஆம் பிரிவு மாதிரியான விளக்கம் கேட்கும் நோட்டீஸ் என்றால் பதில் தரக் கொடுக்கும் அவகாசம் மிகக் குறைவு. அதில் இருக்கும் தேதியை இன்றைக்கே பாருங்கள்.